கதையின் குரலை வைப்பதா, எடுப்பதா: செவ்வியல் கதைகளை அனிமேஷன் குறும்படமாக்குவோருக்கு

ஒரு செவ்வியல் சிறுகதையை எட்டு நிமிட அனிமேஷன் படமாக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் பேசுவது படம் எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பற்றித்தான். வாட்டர்கலரா, பொம்மையா, கணினியில் வரைவதா என்று விவாதம் நீளும், மாதிரிப் படங்கள் குவியும். என்னைக் கேட்டால் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த எழுத்தாளரின் வாக்கியங்களை என்ன செய்யப் போகிறோம்?

செவ்வியல் கதைகள் பலவற்றைச் சுருக்கிச் சொன்னால் ஒன்றுமே இருக்காது. ஒருவன் ஒரு கிழவரைக் கொல்கிறான். ஒருவன் காலையில் கண் விழிக்கும்போது பூச்சியாக இருக்கிறான். ஒரு குழந்தை குளிரில் இறந்துபோகிறது. நூறு வருடத்துக்கு மேல் கழித்தும் இவற்றைப் படிக்கிறோம் என்றால் சொன்ன விதம் அதற்குப் பாதிக்கு மேல் காரணம். திரைக்கு வரும்போது அந்தச் சொன்ன விதத்துக்கு மூன்று வழிகள்தான் இருக்கின்றன. பின்னணிக் குரலாக ஒலிக்கலாம், பாத்திரங்களின் வசனமாக மாறலாம், இல்லையென்றால் மொத்தமாக வெளியேறிவிட்டு, படத்தையும் ஓசையையும் மட்டும் விட்டுவைக்கலாம். மூன்று வழியிலும் அருமையான படங்கள் வந்திருக்கின்றன. ஆனால் ஒரு கதைக்குப் பொருந்திய வழி இன்னொரு கதையைக் கொன்றுவிடும்.

குரலை வைத்துக்கொண்டால்

எட்கர் ஆலன் போவின் ‘தி டெல்-டேல் ஹார்ட்’ 1843இல் வெளிவந்தது. கொலை செய்தவனே கதை சொல்கிறான். தனக்குப் பைத்தியமில்லை என்று நம்மிடம் நிரூபிக்கப் பார்க்கிறான். எவ்வளவு நிதானமாக, எவ்வளவு கவனமாகக் காரியத்தை முடித்தான் என்று விளக்குகிறான். அவன் விளக்க விளக்க நமக்கு அடிவயிறு கலங்குகிறது. இந்தக் கதையிலிருந்து குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கிழவர், ஒரு கட்டில், விசாரிக்க வந்த மூன்று போலீஸ்காரர்கள். 1953இல் யூபிஏ என்ற அமெரிக்க அனிமேஷன் நிறுவனத்துக்காக டெட் பார்மலி இதைப் படமாக்கியபோது, நடிகர் ஜேம்ஸ் மேசனின் குரலில் கதைசொல்லியை அப்படியே வைத்துக்கொண்டார். வேறு எப்படிச் செய்திருந்தாலும் கதை கையை விட்டுப் போயிருக்கும்.

அந்தப் படத்தில் நாம் கவனிக்க வேண்டியது, குரல் பேசிக்கொண்டிருக்கும்போது படம் என்ன செய்கிறது என்பதை. கொலைகாரனை எட்ட நின்று பார்க்க விடுவதில்லை. பெரும்பாலும் அவன் கண் வழியாகவே அந்த வீட்டைப் பார்க்கிறோம். வீடு கோணலாக நிற்கிறது, நிழல்கள் தேவைக்கு மேல் நீள்கின்றன. தான் தெளிவாக இருப்பதாக அவன் வாதாடுவது காதில் விழுகிறது. கண்ணுக்குத் தெரிவதோ குலைந்துபோன ஓர் உலகம். இந்த இடைவெளிதான் படம். பின்னணிக் குரல் தன் இடத்தை நியாயப்படுத்துவது இப்படிப்பட்ட கதைகளில்தான். கதவைத் திறந்தான் என்று குரல் சொல்லும்போது திரையிலும் கதவு திறந்தால் இரண்டில் ஒன்று வீண். பெரும்பாலான முதல் படங்கள் விழுவது இந்தப் பள்ளத்தில்தான். படம் முழுக்க உரைக்கு ஓவியம் போட்டது போலவே ஓடும்.

குரலை வைப்பது என்றால் உரையை அப்படியே வைப்பது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். போவின் அந்தக் கதை ஆங்கிலத்தில் சுமார் 2,100 சொற்கள். நிமிடத்துக்கு 130 சொற்கள் என்று நிதானமாக வாசித்தாலும் 16 நிமிடம் பிடிக்கும். படமோ 8 நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. அதிலும் குரல் இல்லாத இடங்கள் உண்டு. ஆகவே பாதிக்கு மேல் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டியது தெரியாமல் வெட்டியதுதான் அந்தத் தழுவலின் திறமை. நீங்கள் எட்டு நிமிடப் படம் எடுத்தால் குரலுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்பேன். தமிழில் ஒரே சொல்லுக்குள் ஒரு முழு வினைத்தொடரே அடங்கிவிடும் என்பதால் சொல் எண்ணிக்கையை நம்பாதீர்கள். உரக்க வாசித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். மனசுக்குள் வாசிக்கும் வேகம் எப்போதும் ஏமாற்றும்.

படம் முழுக்கக் குரல் ஓடியும் சலிக்காத படம் ஒன்று இருக்கிறது. ஜான் ஜியோனோவின் ‘மரங்களை நட்ட மனிதன்’ கதையை ஃபிரெடரிக் பாக் 1987இல் அரைமணி நேரப் படமாக்கினார். பிரெஞ்சில் ஃபிலிப் நுவாரேயும் ஆங்கிலத்தில் கிறிஸ்டோபர் பிளம்மரும் கதை சொன்னார்கள். படம் ஆஸ்கர் வாங்கியது. அது ஏன் சலிக்கவில்லை? அந்த உரை, தான் கண்ட ஒரு மனிதரைப் பற்றி ஒருவர் அமைதியாகச் சொல்லும் சாட்சியம். படமும் வண்ணப் பென்சில் கோடுகளில் ஒன்றிலிருந்து ஒன்று கரைந்து கரைந்து, நடந்து போகிறவரின் வேகத்திலேயே போகிறது. குரலும் படமும் மோதவில்லை, கூடவே நடக்கின்றன. இந்த வழி வெற்றிபெற மூல உரைக்கே அந்த நிதானம் இருக்க வேண்டும். பரபரப்பான கதையில் முயன்றால் தூக்கம்தான் வரும்.

எடுத்துவிட்டால்

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் தீக்குச்சிச் சிறுமி கதையைப் பாருங்கள். 1845இல் வந்த கதை. சிறுமி ஒரு தீக்குச்சியைக் கொளுத்துகிறாள், வெளிச்சத்தில் ஒரு காட்சி தெரிகிறது, குச்சி அணைகிறது, குளிர் திரும்புகிறது. மறுபடி ஒரு குச்சி. கணப்பு, விருந்து, கிறிஸ்துமஸ் மரம், கடைசியில் பாட்டி. எழுதியவரே ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிக்குக் காட்சி வரைபடம், போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கிறது. இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வருவதே கதையின் மூச்சு. டிஸ்னிக்காக ரோஜர் ஆலர்ஸ் 2006இல் இதை எடுத்தபோது ஒரு சொல்லும் இல்லாமல், ரஷ்ய இசையமைப்பாளர் போரோடின் நான்கு நரம்புக்கருவிகளுக்காக எழுதிய இசையில் ஒரு பகுதியை மட்டும் வைத்து ஏழு நிமிடத்தில் முடித்தார். முடிவையும் மென்மையாக்கவில்லை, குழந்தை இறந்துபோகிறாள். இந்தக் கதைக்குப் பின்னணிக் குரல் வைத்திருந்தால், நாமே பட்டு உணர வேண்டிய குளிரை யாரோ விளக்கிச் சொல்வது போலாகியிருக்கும்.

ஆக, ஒரு கதைக்கு மௌனம் பொருந்துமா என்று பார்க்க என் முதல் கேள்வி: சம்பவங்களின் வரிசையே உணர்ச்சியைத் தாங்குகிறதா? தாங்கினால் வாக்கியங்களை விட்டுவிடலாம். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் விடலாம்.

காஃப்காவின் ‘உருமாற்றம்’ இந்தக் கேள்விக்கு நேரான பதில் தருவதில்லை. அதனால்தான் அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கிறது. கிரெகோர் சாம்சா பூச்சியாகிக் கிடக்கிறான், அவன் கவலையோ ரயிலைத் தவறவிட்டது பற்றியும் அலுவலகத்தில் என்ன சொல்வார்கள் என்பது பற்றியும். இந்தக் கவலை வாக்கியத்தில் மட்டுமே வாழ்கிறது. படத்தில் மணி அடிக்கும் கடிகாரத்தைக் காட்டலாம், அதற்கு மேல் சிரமம். இன்னொரு பக்கம், பூச்சியை எப்படிக் காட்டுவது என்ற பிரச்சினை. 1915இல் புத்தகம் அச்சாகும்போது அட்டையில் பூச்சியை வரைந்துவிடப் போகிறார்கள் என்று பயந்து காஃப்கா பதிப்பகத்துக்குக் கடிதமே எழுதினார்: பூச்சியை வரையக் கூடாது, தூரத்திலிருந்துகூடக் காட்டக் கூடாது. வேண்டுமானால் பெற்றோரும் தங்கையும் விளக்கு வெளிச்சத்தில் அமர்ந்திருக்க, பக்கத்து இருட்டறையின் கதவு திறந்து கிடப்பதை வரையலாம் என்று அவரே ஒரு காட்சியையும் சொன்னார். இதைவிட நல்ல ஒரு ஷாட்டை எந்த இயக்குநரும் எழுத முடியாது.

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் கரோலின் லீஃப் 1977இல் இந்தக் கதையைப் பத்து நிமிடப் படமாக்கினார். அவர் பூச்சியைக் காட்டினார். காஃப்கா சொன்னதை மீறினார் என்று சொல்லலாம். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட பொருள் மணல். அடியில் விளக்கெரியும் கண்ணாடித் தட்டு, அதன் மேல் மணல், மேலே கேமரா. மணல் தடித்த இடம் கறுப்பு, மெலிந்த இடம் சாம்பல், விரலால் ஒதுக்கிய இடம் வெள்ளை. ஒரு ஃபிரேம், அதாவது படத்தின் ஒரு தனிச் சட்டகம், எடுத்ததும் அதே மணலை விரலால் நகர்த்தி அடுத்த ஃபிரேம். முந்தைய படம் அழிந்தால்தான் அடுத்த படம் பிறக்கும். அதனால் அந்தப் பூச்சிக்கு நிலையான உருவமே இல்லை. விளிம்பு எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது, பார்த்து முடிப்பதற்குள் வேறொன்றாகிவிடுகிறது. காட்டியும் காட்டாத மாதிரி. காஃப்காவின் பயத்துக்கு மணல் ஒரு பதில் கொடுத்துவிட்டது என்றே நினைக்கிறேன். கிரெகோரின் கவலையில் இருந்த நகைச்சுவையில் ஒரு பகுதி போனது உண்மை. ஒரு வீட்டுக்குள் அந்நியனாகிப்போகிறவனின் துக்கம் முழுதாக வந்து சேர்ந்தது.

ஒருவனின் மூக்கு அவனை விட்டுப் போய்த் தனியே திரியும் கோகோலின் ‘மூக்கு’ கதையை அலெக்சாண்டர் அலெக்ஸெயெஃபும் கிளேர் பார்க்கரும் 1963இல் குண்டூசிப் பலகையில் எடுத்ததும் இதே வகைதான். பல லட்சம் ஊசிகள் குத்திய பலகை. ஊசிகளை உள்ளே வெளியே தள்ளி, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் அவற்றின் நிழல்களே சாம்பல் நிறப் படமாகின்றன. அவரவர் வீட்டில் செய்கிற காரியமில்லை. ஆனால் யோசனை நமக்கும் உதவும்: நம்ப முடியாத ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தால் கோடு கூர்மையாக இல்லாத ஒரு பொருளைத் தேடுங்கள்.

வசனம் என்ற நடுவழி

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சிறிய குழுவுக்கு நான் பரிந்துரைக்கும் வழி இல்லை. உதட்டசைவு வேலை அதிகம், நல்ல குரல் நடிகர்கள் வேண்டும், பழைய காலத்துப் பேச்சு கொஞ்சம் பிசகினாலும் நாடக மேடை மாதிரி ஆகிவிடும். டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கேரல்’ கதையை ரிச்சர்ட் வில்லியம்ஸ் 1971இல் 25 நிமிடத்தில் வசனத்தோடு எடுத்து ஆஸ்கர் வாங்கினார். 19ஆம் நூற்றாண்டுப் புத்தகச் சித்திரங்கள் எழுந்து நடப்பது போன்ற படம் அது. அந்த உழைப்புக்கு ஒரு ஸ்டுடியோ வேண்டும்.

ஆனால் வசனத்தில்தான் போவேன் என்று உறுதியாக இருந்தால் கோஜி யமமுரா 2007இல் எடுத்த காஃப்காவின் ‘நாட்டுப்புற மருத்துவர்’ படத்தைக் கட்டாயம் பாருங்கள். தலை வீங்குகிறது, கை நீள்கிறது, உடம்பு சுருங்குகிறது. பேசியவர்கள் ஜப்பானின் கியோகென் மரபு நாடகக் கலைஞர்கள். ஓவியம் எவ்வளவு கோணலோ குரலும் அவ்வளவு கோணல். அதனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உருவத்தைக் கோணலாக வரைந்துவிட்டு, குரலை மட்டும் டிவி தொடர் மாதிரி இயல்பாகப் பேச வைத்தால் ஒட்டவே ஒட்டாது.

இனிமேல்தான் பொருள்

குரல் தீர்ந்த பிறகு எதில் எடுப்பது என்ற கேள்வி எவ்வளவோ எளிதாகிவிடும். கதையில் காட்டுவதற்கு மிகக் கடினமான விஷயம் எது என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு எந்தப் பொருள் தானாகவே உதவுகிறதோ அதை எடுங்கள். கைக்குப் பழகிய மென்பொருள் அதன் பிறகு வரட்டும்.

கடலும் ஒளியும் சோர்வும்தான் கதை என்றால் எண்ணெய் வண்ணம் எப்படி உதவும் என்று காட்டியவர் அலெக்சாண்டர் பெட்ரோவ். ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ கதையை, மெதுவாகக் காயும் எண்ணெய் வண்ணத்தை விரல் நுனியால் கண்ணாடிமேல் தீட்டித் தீட்டி 1999இல் முடித்தார். 20 நிமிடத்துக்கு 29,000க்கு மேற்பட்ட ஓவியங்கள். கணக்குப் பாருங்கள்: 20 நிமிடம் என்பது 1,200 விநாடி, விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 28,800. திரையில் போகும் ஒவ்வொரு ஃபிரேமும் ஏறக்குறைய ஒரு தனி ஓவியம் என்று பொருள். மகன் துணையிருந்தும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. பெரிய ஐமேக்ஸ் திரைக்காக எடுத்த முதல் அனிமேஷன் படம் அது, ஆஸ்கரும் கிடைத்தது. அலை எங்கே முடிகிறது, மீனின் முதுகு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடியாத சில நொடிகள் அதில் இருக்கின்றன. கிழவர் மீனைத் தன் சகோதரன் என்று நினைப்பதை அந்த ஈர வண்ணமே சொல்லிவிடுகிறது. ஆசைப்படலாம். எட்டு நிமிடத்துக்கு இதே முறை என்றால் 11,520 ஓவியங்கள் என்பதையும் சேர்த்தே ஆசைப்பட வேண்டும்.

வெட்டுருவங்கள், அதாவது தட்டையாக வெட்டி மூட்டுகள் பொருத்திய உருவங்கள், அறிவிப்பில்லாமல் நேரத்தை விழுங்கும் இன்னொரு முறை. யூரி நோர்ஸ்டைன் கோகோலின் ‘மேல்கோட்டு’ கதையை 1981இல் தொடங்கினார், அது இன்னும் முடிவடையாத படமாகவே இருக்கிறது. முடிந்த சில காட்சிகளில் கதைநாயகனான ஏழை எழுத்தரின் முகத்தில் ஓடும் சின்னச் சின்ன அசைவுகளைப் பார்த்தால் ஏன் இவ்வளவு காலம் என்று புரியும். அப்படியொரு நுணுக்கத்துக்குப் போகாமல், மூட்டுகளை ஒருமுறை செய்து பலமுறை பயன்படுத்துவது என்ற அளவில் நின்றால், வெட்டுருவமே சிக்கனமான முறை. கணினியில் ‘ரிக்’ போட்டு, அதாவது வரைந்த உருவத்துக்கு அசைக்கக்கூடிய மூட்டுகள் பொருத்தி, செய்வதும் அடிப்படையில் இதுதான். உருவம் பக்கவாட்டில் நடக்கும்போது பிரச்சினையில்லை. திரும்பினால், கேமராவை நோக்கி வந்தால் தடுமாறும்.

பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஃபிரேம் ஃபிரேமாக எடுக்கும் ஸ்டாப் மோஷன் பொருள்களுக்கு எடை கொடுக்கும். ஒரு கோட்டு, ஒரு சாவி, ஒரு மேசை கதையில் முக்கியமென்றால் இதை யோசியுங்கள். செலவும் உழைப்பும் முன்கூட்டியே விழும்: பொம்மையின் உள்ளெலும்பு, அரங்கம், விளக்கு எல்லாம் தயாரான பிறகுதான் முதல் ஃபிரேம். ஷூட்டிங் ஆரம்பித்த பின் கதையை மாற்றுவது கிட்டத்தட்ட முடியாது. இரண்டு மூன்று இடங்களுக்குள் முடியும் கதைக்கு நல்லது, ஊர் ஊராகப் போகும் கதைக்கு ஆகாது.

கணினியில் ஃபிரேம் ஃபிரேமாக வரைவதில் பெரிய லாபம், தவறினால் திரும்பிப் போகலாம், வேலையைப் பங்கு போடலாம். பிளெண்டர் என்ற மென்பொருளில் உள்ள ‘கிரீஸ் பென்சில்’ என்ற வரையும் கருவி போன்ற இலவசக் கருவிகளே போதும். விநாடிக்கு 12 ஓவியம் என்று வைத்தால் எட்டு நிமிடத்துக்கு 5,760. மூன்று பேர் தலைக்கு நாளுக்கு 20 வரைந்தால் 96 வேலைநாள், வண்ணமும் பின்னணியும் தனி. இதில் நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். கோடு மிகச் சுத்தமாகிவிடும். போவின் இருட்டும் கோகோலின் புழுக்கமும் சுத்தமான கோட்டில் நிற்பதில்லை. கொஞ்சம் கறையையும் சிராய்ப்பையும் வேண்டுமென்றே விட்டுவையுங்கள்.

உரிமை விஷயத்தில் ஒரு கொக்கி

குரலா மௌனமா என்ற முடிவு சட்டத்தையும் தொடுகிறது. இதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். பதிப்புரிமைக்கான சர்வதேச உடன்பாடான பெர்ன் ஒப்பந்தப்படி ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. பல நாடுகளில் அது 70. போ 1849இலும் கோகோல் 1852இலும் ஆண்டர்சன் 1875இலும் காஃப்கா 1924இலும் இறந்தவர்கள், அவர்களோடு சிக்கலில்லை. ஹெமிங்வே இறந்தது 1961இல். 70 ஆண்டு விதியுள்ள நாடுகளில் 2031 முடியும்வரை அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

கொக்கி எங்கே என்றால், மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. மூலத்தின் பதிப்புரிமை முடிந்து அது எல்லோருக்கும் பொதுவாகியிருந்தாலும், நேற்று வந்த மொழிபெயர்ப்பிலிருந்து வரிகளை எடுத்துப் பின்னணிக் குரலாக்கினால் மொழிபெயர்ப்பாளரின் அனுமதி வேண்டும். மௌனப் படத்தில் இந்தத் தொல்லை இல்லை. குரல்தான் வேண்டும் என்றால் மூலமொழி தெரிந்த ஒருவரை வைத்துப் படத்துக்கென்றே புதிதாக மொழிபெயர்ப்பது நல்லது. எப்படியும் பாதிக்கு மேல் வெட்டப் போகிறோம். வாய்க்கு வசமாக, மூச்சு நிற்கும் இடம் பார்த்து எழுதிக்கொள்ளலாம். இசைக்கும் இதே எச்சரிக்கை. போரோடின் 1887இல் இறந்தவர், அவர் எழுதிய இசை எல்லோருக்கும் பொது. அதை யாரோ வாசித்துப் பதிவுசெய்த ஒலிப்பதிவு அப்படியில்லை.

என் தேர்வு

மூன்று நான்கு பேர், முதல் படம், ஒரு வருடத்துக்குள் முடிய வேண்டும் என்றால் நான் தேர்ந்தெடுப்பது ‘நான்’ என்று தன்மையில் சொல்லப்பட்ட, ஓரிரு அறைகளுக்குள் முடியும், அரைமணிக்குள் வாசித்துவிடக்கூடிய கதை. குரலை வைத்துக்கொள்வேன், படத்தின் பாதி நேரத்துக்கு மேல் பேச விடமாட்டேன், கணினியில் வரைவேன். குரல் பேசும் இடங்களில் படம் அதிகம் அசையத் தேவையில்லை என்பதால் உழைப்பும் கணிசமாகக் குறையும்.

தனி ஆள் என்றால் என் பதில் வேறு. மணலும் மௌனமும். ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, ஒரு கேமரா. தொடர்ச்சியைப் பங்கு போட முடியாது என்ற மணலின் குறை தனி ஆளுக்குக் குறையே இல்லை, ஒரே கையின் நடுக்கம் படம் முழுக்க இருக்கும். கதையில் பாத்திரங்கள் குறைவாக இருக்கட்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

பெரிய நாவலைத் தொடவே கூடாதா என்று கேட்பார்கள். தொடலாம். பியோட்டர் துமாலா ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை, வண்ணம் பூசிய பிளாஸ்டர் பலகையைக் கீறிக் கீறி அரைமணி நேரப் படமாக்கியிருக்கிறார். நாவலின் பெரும்பகுதியை விட்டுவிட்டு, ஒரு மனிதன் ஒரு கொலையை நோக்கி நகர்வதன் இருட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். விடுவதற்கு அந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் சிறுகதையே போதும்.

முடிவில் இன்னும் தயக்கம் இருந்தால் விவாதத்தை நிறுத்திவிட்டு, கதையின் மிகக் கடினமான காட்சியை மட்டும் எடுத்து முப்பது விநாடி அனிமேட்டிக் (கிறுக்கல் ஓவியங்களை நேரத்துக்கு ஓட்டிப் பார்க்கும் முன்னோட்டம்) இரண்டு செய்யுங்கள், ஒன்று குரலோடு, ஒன்று இல்லாமல். பென்சில் கிறுக்கல் போதும், குரலை உங்கள் போனிலேயே பதிவுசெய்யலாம். கதையைப் படிக்காத ஒருவருக்கு முதலில் மௌனத்தைப் போட்டுக் காட்டி, என்ன நடந்தது, யார் மேல் இரக்கம் வந்தது என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்லும்போது எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தடுமாற்றம் ஒரே இடத்தில் என்றால் அங்கே ஒரு வாக்கியத்தை மட்டும் குரலாகக் கொண்டுவந்து பாருங்கள். எல்லா இடத்திலும் என்றால் அந்தக் கதை கதைசொல்லியை விட்டு வராது. குரலுக்கு ஆள் தேடத் தொடங்கலாம்.